பேர் வைத்தவர் ஒரு போட்டோக்காரர்

எங்கள் தெருவில் நான்காவது வீட்டுக் கராஜுக்குள் அப்படியொரு பிராணி உறங்குகிறது என்பது எனக்கு இரண்டு வருடம் தெரியாமலே போய்விட்டது. ஒஹையோ மாநிலத்தின் டேட்டன் நகரம். மே மாதத்துச் சனிக்கிழமை. குப்பைத்தொட்டியை உள்ளே இழுத்துக்கொண்டிருந்தேன். அந்த வீட்டு ஷட்டர் மெல்ல மேலேறியது. உள்ளிருந்து ஒரு சத்தம். யானை தொண்டையைக் கனைத்துக்கொள்வதுபோல. குப்பைத்தொட்டியை நடுவழியிலேயே விட்டுவிட்டேன்.

செவர்லே கம்பெனியின் 1963ஆம் வருடத்துக் கார்வெட் ஸ்டிங் ரே. வெள்ளி கலந்த நீலம். முன்பக்கம் ஹெட்லைட்டே கிடையாது, வெறும் கூர்மூக்கு. அந்த வீட்டுப் பெரியவர் ஒரு சுவிட்சைத் திருகினார். மூக்கின் இரண்டு ஓரங்களும் அப்படியே புரண்டு, தூங்கி எழுந்த குழந்தை கண்ணைத் திறப்பதுபோல விளக்குகள் வெளியே வந்தன. நான் வாய்விட்டே சிரித்துவிட்டேன். அவருக்கு அது பிடித்துப்போயிற்று. "ஏறு" என்றார்.

கார்கள்மீது எனக்குப் பெரிய பித்து எதுவும் அதுவரை இருந்ததில்லை. வண்டி என்றால் மைலேஜ் என்ன, டிக்கியில் எத்தனை பெட்டி வைக்கலாம் என்று கேட்கிற வம்சம் நான். இந்தக் காருக்கு டிக்கிக் கதவே கிடையாது! பெட்டியை உள்ளே வைக்க வேண்டுமென்றால் சீட்டை மடக்கி, பின்னால் தவழ்ந்து தள்ள வேண்டும். எவ்வளவு திமிரான கார் பாருங்கள். கதவு கூரைக்குள்ளும் கொஞ்சம் வெட்டிக்கொண்டு திறக்கிறது. உள்ளே போய் உட்கார்ந்தால் தரையோடு தரையாக இருக்கிறோம். பெட்ரோல் வாசனை, பழைய வினைல் வாசனை, கொஞ்சம் சூடான ஆயில் வாசனை. 5.4 லிட்டர் வி8 எஞ்சின். இரண்டாவது கியருக்குப் போகும்போது அந்தச் சத்தம் காதுக்கு வரவில்லை, நேராக விலா எலும்புக்கு வந்தது. கூகுள் மேப்பில் தினமும் போகிற அதே சாலைதான். அன்றைக்கு அது வேறு சாலை.

திரும்பிப் பார்த்தேன். பின்கண்ணாடி ஒன்றல்ல, இரண்டு. நடுவே முதுகெலும்புபோல ஒரு பட்டை ஓடுகிறது. பின்னால் வருகிற போலீஸ்காரர் சரியாக அந்தப் பட்டைக்குள் ஒளிந்துகொள்ளலாம். இந்தப் பட்டையை வைத்துக் கம்பெனிக்குள்ளேயே ஒரு சண்டை நடந்தது. அதற்குப் பிறகு வருகிறேன்.

வீட்டுக்கு வந்து இறங்கும்போது சும்மா கேட்டேன்: "கார்வெட் என்றால் என்ன அர்த்தம்?" முப்பது வருடமாக அந்தக் காரை வைத்திருக்கிறவர் கொஞ்சம் யோசித்தார். "ஏதோ பிரெஞ்சுப் பெண்ணின் பெயராக இருக்கும்" என்றார்.

அங்கே பிடித்தது எனக்குக் கிறுக்கு.

கார்வெட் பெண் இல்லை, கப்பல். சின்னப் போர்க்கப்பல். நம் செய்தித்தாள்களில்கூட இந்தச் சொல் அடிக்கடி வரும். 2014இல் விசாகப்பட்டினத்தில் கடற்படையில் சேர்ந்த ஐ.என்.எஸ். கமோர்ட்டா ஒரு கார்வெட்தான். படித்திருப்போம், தாண்டிப் போயிருப்போம். இரண்டாம் உலகப்போரில் அட்லாண்டிக் கடலில் சரக்குக் கப்பல் கூட்டத்துக்கு நாய்க்காவலாக ஓடியவை இந்தக் கார்வெட்டுகள். காருக்கு அந்தப் பேர் வைத்தபோது போர் முடிந்து ஏழெட்டு வருடம்தான் ஆகியிருந்தது. அமெரிக்கர்கள் காதில் அந்தச் சொல் துடிப்பும் துணிச்சலுமாக ஒலித்தது.

இதில் எனக்கு மிகவும் பிடித்த வேடிக்கை என்னவென்றால், அந்தப் போர்க்காலக் கார்வெட்டுகள் வேகமானவையே அல்ல. பிரிட்டன் கட்டிய ஃபிளவர் வகைக் கார்வெட்டுகள் திமிங்கிலம் பிடிக்கும் படகின் வரைபடத்திலிருந்து பிறந்தவை. 16 நாட்தான் வேகம். தண்ணீருக்கு மேலே ஓடும் ஜெர்மன் நீர்மூழ்கி அதை முந்திவிடும். இன்னும் பின்னால் போனால், இந்தச் சொல்லின் வேரே லத்தீனில் மந்தமாகப் போகும் சரக்குக் கப்பலைக் குறித்த ஒரு சொல்லில் இருக்கிறது என்று சொல்லாராய்ச்சிக்காரர்களில் ஒரு சாரார் சொல்கிறார்கள். அமெரிக்காவின் அதிவேகக் காருக்கு ஆமையின் பெயரை வைத்துவிட்டார்களோ என்று நான் தனியாக உட்கார்ந்து சிரித்தேன். நம் எழுத்தில் எழுதினால் இன்னொரு யோகம். பெயரின் முதல் பாதியிலேயே 'கார்' நிற்கிறது.

சரி, வைத்தது யார்? இதைத் தேடிப்போனபோதுதான் நான் நாற்காலியிலிருந்து எழுந்து அறைக்குள் நடக்க ஆரம்பித்தேன். மைரன் ஸ்காட். எஞ்சினியர் இல்லை. காரை வரைந்தவரும் இல்லை. செவர்லே கம்பெனியில் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தவர். அதற்கு முன்னால்? டேட்டன் டெய்லி நியூஸ் பத்திரிகையின் போட்டோக்காரர். எங்கள் ஊர்!

கதை 1933இல் தொடங்குகிறது. அமெரிக்கா பெரும் பொருளாதார முடக்கத்தில் கிடக்கிறது. படம் தேடி அலைந்த ஸ்காட், சில பையன்கள் தாங்களே செய்த எஞ்சின் இல்லாத வண்டிகளில் சரிவில் உருண்டு வருவதைப் பார்க்கிறார். ஆரஞ்சுப் பெட்டிப் பலகை, தகரத் துண்டு, குழந்தைத் தள்ளுவண்டியின் சக்கரம். நுங்கு வண்டி ஓட்டிய கைகளுக்கு இது விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. படம் எடுத்தார். எடுத்துவிட்டுப் போயிருக்கலாம். போகவில்லை. ஒரு பந்தயமே வைத்துவிடலாம் என்று பத்திரிகையைச் சம்மதிக்க வைத்தார். ஆகஸ்டு மாதம் பர்க்கார்ட் மேட்டில் நடந்தது. வண்டியோடு வந்து நின்ற பிள்ளைகள் 362 பேர். வேடிக்கை பார்க்க ஊரே திரண்டுவிட்டது. சோப் பாக்ஸ் டெர்பி என்று இன்றுவரை அமெரிக்கப் பிள்ளைகள் ஓடும் பந்தயம் அப்படிப் பிறந்ததுதான். அடுத்த வருடம் செவர்லே ஆதரவு தந்தது. 1935இல் பந்தயம் ஆக்ரன் நகருக்குப் போனது. அந்த வருடம் ஒரு பையனின் வண்டி தடம் மாறி, வானொலி வர்ணனையாளர் கிரஹாம் மெக்னமீ மேலேயே மோதிவிட்டது. ஒலிபரப்பிக்கொண்டிருக்கும்போதே! எஞ்சின் இல்லாத வண்டிதானே என்று அலட்சியமாக நின்றிருப்பார் போல.

பந்தயத்தோடு ஸ்காட்டும் செவர்லேக்குப் போய்ச் சேர்ந்தார். அந்த மனிதர்தான் பிற்பாடு கார்வெட்டுக்குப் பேர் வைத்தவர். எஞ்சினே இல்லாத வண்டியைக் கொண்டாடியவர், எஞ்சினுக்காகவே உலகம் கொண்டாடப்போகும் வண்டிக்குப் பேர் வைக்கிறார். இதையெல்லாம் எந்தக் கதாசிரியன் எழுதினாலும் "ரொம்பச் செயற்கை சார்" என்று ஆசிரியர் திருப்பி அனுப்பிவிடுவார்.

1952இல் செவர்லேயின் தாய்க் கம்பெனியான ஜெனரல் மோட்டார்ஸின் வடிவமைப்புத் தலைவர் ஹார்லி ஏர்ல் ரகசியமாக ஒரு ரெண்டு சீட்டர் ஸ்போர்ட்ஸ் காரைச் செய்துகொண்டிருந்தார். போருக்குப் போய்வந்த அமெரிக்கப் படைவீரர்கள் இங்கிலாந்தில் எம்.ஜி., ஜாகுவார் என்று சின்னச் சின்னக் கார்களைப் பார்த்து மயங்கி, அவற்றை இறக்குமதி செய்து ஓட்டிக்கொண்டிருந்தார்கள். நம்மிடம் அப்படி ஒன்று ஏன் இல்லை என்பது ஏர்லின் கேள்வி. வெளியே தெரியாமலிருக்க அந்தத் திட்டத்துக்கு 'ப்ராஜெக்ட் ஓப்பல்' என்று பொய்ப்பெயர். ஓப்பல், அப்போது ஜெனரல் மோட்டார்ஸின் ஜெர்மானியப் பிள்ளை. ஏதோ ஜெர்மனிக்கான வேலை என்று மற்றவர்கள் நினைத்துக்கொள்ளட்டும் என்று. பிறக்கும் முன்பே முதல் பெயர் பொய்.

உண்மைப் பெயருக்கு நிபந்தனை, 'சி' எழுத்தில் தொடங்க வேண்டும். செவர்லேயும் சி தானே. நம் வீடுகளில் நட்சத்திரம் பார்த்து ஜோசியர் எழுத்துக் கொடுப்பதும், அந்த எழுத்தில் பேர் தேடி அத்தையும் சித்தியும் மண்டையை உடைத்துக்கொள்வதும் ஞாபகம் வருகிறதா? டெட்ராய்ட்டிலும் அதே கூத்துதான். முன்னூறுக்கும் மேற்பட்ட பெயர்கள் மேஜையில் விழுந்து ஒன்றும் தேறவில்லை என்பார்கள். கூட்டத்திலிருந்து வெளியே வந்த ஸ்காட் அகராதியை எடுத்து 'சி' பகுதியைப் புரட்டினார், கார்வெட் என்ற சொல்லில் கை நின்றது, தலைமை எஞ்சினியர் எட் கோலுக்குக் கேட்டதுமே பிடித்துவிட்டது. இப்படித்தான் கதை சொல்லப்படுகிறது. படம் எடுக்கிறவனுக்குச் சட்டென்று எங்கே நிறுத்த வேண்டும் என்று தெரியும்.

போட்டிக் கம்பெனியான ஃபோர்டில் தண்டர்பேர்டு என்று பெயர் சொன்ன ஊழியருக்கு ஒரு கோட்டு சூட்டும் கூடவே ஒரு பேன்ட்டும் பரிசாகக் கிடைத்த கதையும் உண்டு. பேன்ட் இரண்டு என்பதில் ஃபோர்டுக்காரர்களின் தாராளம் தெரிகிறது.

பெயரைவிடச் சின்னத்தின் கதை இன்னும் ருசி. கார்வெட்டின் மூக்கில் இரண்டு கொடிகள் குறுக்காக இருக்கும். அது ராபர்ட் பார்த்தலமியூ என்ற வடிவமைப்பாளர் வரைந்தது. ஒன்று பந்தயத்தில் அசைக்கும் கட்டம் போட்ட கொடி. இன்னொன்று, அவர் முதலில் வரைந்தது, அமெரிக்க தேசியக்கொடி. 1953 ஜனவரியில் நியூயார்க்கின் வால்டார்ஃப் அஸ்டோரியா ஹோட்டலில் மோட்டோரமா கண்காட்சி. அதற்குச் சில நாள்தான் இருக்கிறது. அப்போது யாரோ விழித்துக்கொண்டார்கள். தேசியக்கொடியை விற்கிற பொருளின் முத்திரையில் போடக்கூடாது! அவசர அவசரமாகக் கொடியை மாற்றினார்கள். செவர்லேயின் 'போ டை' சின்னம் ஒரு பக்கம். இன்னும் கொஞ்சம் இடம் காலியாக இருக்கிறதே? கம்பெனிக்குப் பெயர் தந்த லூயி செவர்லே சுவிட்சர்லாந்தில் பிறந்தவர், பெயர் பிரெஞ்சு. அதனால் பிரெஞ்சு அரசர்களின் அல்லி மலர்ச் சின்னம் ஒன்று. அமெரிக்காவின் பெருமை என்று மார்தட்டும் காரின் மூக்கில் பிரெஞ்சு ராஜாவின் பூ உட்கார்ந்துகொண்டது இப்படி. எங்கள் தெருப் பெரியவர் 'பிரெஞ்சுப் பெண்' என்றது முழுத் தப்பில்லை என்று எனக்குத் தோன்ற ஆரம்பித்தது.

இதற்குமேல் வீட்டில் உட்கார முடியவில்லை. கென்டக்கியின் பவுலிங் கிரீன் ஊரில் கார்வெட்டுக்கென்றே ஒரு தேசிய அருங்காட்சியகம் இருக்கிறது. 1981 முதல் கார்வெட் தயாராகும் தொழிற்சாலையும் அதற்குப் பக்கத்திலேயே. சின்சினாட்டி, லூயிவில் தாண்டி நான்கு மணி நேரத்துக்கு மேல் ஓட்ட வேண்டும். போகும் வழியில் கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னால் போகும். அந்த ஒரு மணி நேரத்தை எனக்குக் கார்வெட் கொடுத்த வட்டி என்று வரவில் வைத்துக்கொண்டேன். நெடுஞ்சாலையிலிருந்தே தெரிகிறது, மஞ்சள் கூம்பும் அதன்மேல் சிவப்புக் கொம்புமாக ஒரு கட்டடம்.

உள்ளே வெள்ளை 1953ஐப் பார்த்ததும் எனக்கு ஒரு பரிவு வந்தது. அந்த வருடம் செய்தவை 300 கார்கள்தான். முன்னூறும் வெள்ளை, முன்னூறுக்கும் உள்ளே சிவப்பு, முன்னூறுக்கும் கறுப்புத் துணிக்கூரை. மிச்சிகனின் ஃபிளின்ட் நகரில் ஏறக்குறைய கையாலேயே கட்டினார்கள். ஜூன் 30 அன்று முதல் கார் வெளியே வந்தது. உடம்பு இரும்பு இல்லை, ஃபைபர் கிளாஸ். அதை வார்த்துத் தந்ததும் எங்கள் ஒஹையோதான், ஆஷ்டபுலா என்ற ஊர் (ஒஹையோக்காரனாக நான் மாறிவிட்டதைக் கவனியுங்கள்). ஃபைபரில் மின்சாரம் ஓடாது. மற்ற கார்களில் உடம்பே எர்த் ஆக வேலை செய்யும், இதில் செய்யாது. அதை மறந்துபோய், ஆரம்பத்தில் வண்டி கிளம்ப மறுத்து எஞ்சினியர்கள் முழித்த கதையைச் சொல்லிச் சிரிப்பார்கள். அதே ஃபைபரால் ஒரு லாபமும் உண்டு. ரேடியோ ஆன்டெனாவை டிக்கி மூடிக்குள்ளேயே புதைத்துவிட்டார்கள்.

வெளியே கைப்பிடி இல்லை. ஏற்றி இறக்கும் கண்ணாடி இல்லை. மழை வந்தால் டிக்கியிலிருந்து பிளாஸ்டிக் திரையை எடுத்து மாட்டிக்கொள்ள வேண்டும். வீட்டுக் காரின் ஆறு சிலிண்டர் எஞ்சினையே தட்டிக் கொட்டி 150 குதிரைத்திறன் ஆக்கி வைத்தார்கள். கியரோ இரண்டே இரண்டு, அதுவும் ஆட்டோமேட்டிக். 60 மைல் வேகத்தைத் தொட 11 நொடி. விலை 3,498 டாலர். போர்க்கப்பல் என்று பேர் வைத்தார்கள், பிறந்ததோ பரிசல். 1954இல் 3,640 செய்தார்கள், ஆயிரத்துக்கும் மேல் விற்காமல் நின்றன. 1955இல் வெறும் 700. அதே வருடம் ஃபோர்டின் தண்டர்பேர்டு 16,000க்கும் மேல் விற்றது. மூடிவிட்டுப் போயிருப்பார்கள். ஃபோர்டிடம் தோற்றோம் என்ற பேர் வந்துவிடக்கூடாதே என்ற ரோஷம்தான் தொட்டிலோடு போகவிருந்த பிள்ளையைக் காப்பாற்றியது என்று பலரும் சொல்கிறார்கள். பங்காளிச் சண்டையால் நடந்த நல்ல காரியங்களில் ஒன்றாக இதைச் சேர்த்துக்கொள்ளலாம்.

1955இல்தான் வி8 எஞ்சின் வந்தது. பக்கவாட்டில் செவர்லே என்று ஆங்கிலத்தில் எழுதியிருப்பார்களே, அதில் இருக்கிற 'வி' என்ற எழுத்தை மட்டும் பெரிதாக்கித் தங்க நிறத்தில் பதித்தார்கள். உள்ளே வி8 இருக்கிறது என்று அறிவிக்கத் தனிப் பலகை வேண்டாம், சொந்தப் பேரிலேயே எழுத்து இருக்கிறது! அந்த எழுத்தின் படத்துக்கு முன்னால் நான் நின்ற நேரத்தைப் பார்த்துக் காவலர் ஒருவர் பக்கத்தில் வந்து போனார்.

அந்த வி8க்குப் பிறகு வந்த வேகத்துக்குப் பின்னால் ஜோரா ஆர்க்கஸ் டன்டோவ் நிற்கிறார். ரஷ்யப் பெற்றோருக்கு பிரஸ்ஸல்ஸில் பிறந்தவர். மோட்டோரமாவில் காரைப் பார்த்து மயங்கி, செவர்லேக்குக் கடிதம் எழுதி, அதே 1953இல் வேலைக்குச் சேர்ந்துவிட்டார். கார்வெட்டின் தகப்பன் என்று எல்லோரும் சொல்வது இவரைத்தான். பெற்ற தகப்பன் ஏர்ல், வளர்த்த தகப்பன் டன்டோவ் என்று நான் பிரித்துக்கொள்கிறேன். அவருடைய அஸ்தி இந்த அருங்காட்சியகத்தில்தான் இருக்கிறது. மனிதர் காரை விட்டுப் போகவே இல்லை.

அந்தப் பட்டைச் சண்டை இவருக்கும் பில் மிட்செலுக்கும்தான். ஏர்லுக்குப் பிறகு வடிவமைப்புத் தலைவராக வந்தவர் மிட்செல். கடலில் மீன் பிடிப்பதில் பைத்தியம், அதனால்தான் மேக்கோ ஷார்க் என்ற மாதிரிக் கார், ஸ்டிங் ரே என்ற பெயர். ஸ்டிங் ரே என்றால் நம் திருக்கை மீன். வாலில் முள்ளோடு தட்டையாக மிதந்து போகுமே, அதேதான். காரை மேலிருந்து பாருங்கள், அச்சு அசல் திருக்கை. அந்த முதுகெலும்புப் பட்டை இல்லாவிட்டால் திருக்கை எப்படித் திருக்கையாகும் என்பது மிட்செலின் கட்சி. பின்னால் வருகிற வண்டி தெரியாவிட்டால் ஓட்டுகிறவன் எப்படி ஓட்டுவான் என்பது டன்டோவின் கட்சி. 1963இல் மிட்செல் ஜெயித்தார். 1964இல் பட்டை காணாமல் போயிற்று. அதற்குள் பட்டையோடு வெளிவந்த கூப்கள் 10,594. சில சொந்தக்காரர்கள் புதுசு மாதிரி இருக்கட்டும் என்று பட்டையை அறுத்தெறிந்து 1964இன் ஒற்றைக் கண்ணாடியை மாட்டிக்கொண்டார்கள். இன்று உலகமே தேடுவது அந்தப் பட்டையைத்தான். அறுத்தவர்கள் இப்போது என்ன நினைப்பார்கள் என்று யோசித்தாலே வயிறு கலங்குகிறது.

பெயர் ஆராய்ச்சிக்காரனுக்கு ஓர் உபரி. 1963இல் ஸ்டிங் ரே இரண்டு சொல். 1968இல் அந்தப் பெயரே இல்லை. 1969இல் திரும்பி வந்தபோது சேர்த்தெழுதி ஒரே சொல். ஒரு கார் ரசிகர் சரியான ரசிகரா என்று பார்க்க, நடுவே இடைவெளி விடுகிறாரா என்று கவனித்தால் போதும் என்று அங்கே ஒருவர் சொன்னார். புணர்ச்சி விதிக்குக் கென்டக்கியிலும் மதிப்பு இருக்கிறது.

1983ஆம் வருடத்துக் காரும் அங்கே நிற்கிறது. அந்த வருடத்துக்கு விற்பனைக்கென்று கார்வெட்டே வரவில்லை. சோதனைக்காகச் செய்தவை 43, மிஞ்சியது இது ஒன்று.

பிறகு அந்த மஞ்சள் கூம்புக்கு அடியில் இருக்கும் வட்ட மண்டபம். 2014 பிப்ரவரி 12 விடிகாலையில் இதன் தரை திடீரென்று வாய் பிளந்து எட்டுக் கார்வெட்டுகளை விழுங்கிவிட்டது. அந்த வட்டாரமே சுண்ணாம்புப் பாறையும் அடியில் குகைகளுமான பூமி. ஆள் இல்லாத நேரம், யாருக்கும் அடியில்லை. மறுபடி மேலே தூக்கியபோது அவற்றில் ஒன்று, நீல நிற இசட்ஆர்1, சாவி திருகியதும் கிளம்பிவிட்டது! 1992இல் பிறந்த பத்து லட்சமாவது கார்வெட்டும் விழுந்த எட்டில் ஒன்று. அதைச் சரிசெய்யப் பிரித்தபோது உள்ளே பல பாகங்களில் தொழிலாளர்களின் கையெழுத்து இருந்தது. பத்து லட்சமாவது வண்டி என்று தெரிந்து, யாருக்கும் தெரியாத இடத்தில் தங்கள் பெயரை எழுதி மூடியிருக்கிறார்கள். பள்ளம் விழாவிட்டால் அது வெளிச்சத்துக்கு வந்தே இருக்காது. இந்தக் காரில் எங்கே தொட்டாலும் பெயர்தான் என்று எனக்குச் சிலிர்த்தது. மைரன் ஸ்காட்டின் பெயரையும் அங்கே கௌரவித்திருக்கிறார்கள். 1998இல் காலமான அவர் அதைப் பார்க்கவில்லை.

ஊர் திரும்பிய மறுநாளே நான்காவது வீட்டுக் கதவைத் தட்டினேன். மூச்சு விடாமல் எல்லாவற்றையும் கொட்டினேன். கப்பல், அகராதி, அல்லிப்பூ, ஆரஞ்சுப் பெட்டி. பெரியவர் கேட்டுக்கொண்டே இருந்தார். ஸ்காட் இந்த ஊர் போட்டோக்காரர் என்றதும் கையை உயர்த்தி நிறுத்தச் சொன்னார்.

"பர்க்கார்ட் மேடா? நம்ம பர்க்கார்டா?"

"அதேதான்."

உள்ளே போய்ச் சாவியை எடுத்து வந்து என் கையில் போட்டார். முப்பது வருடத்தில் அவர் மனைவியைத் தவிர வேறு யாரும் அந்தக் காரை ஓட்டியதில்லையாம். எனக்குக் கை வியர்த்துவிட்டது. ஊருக்குள் முதல் இரண்டு சிக்னலிலும் வண்டியை அணைத்துவிட்டேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. மேட்டின் உச்சிக்கு வந்தபோது சாயங்காலம். எதிரே வண்டி எதுவும் இல்லை.

"கிளட்சை மிதி" என்றார்.

மிதித்தேன். எஞ்சின் முனகலாக அடங்கியது. திருக்கை தன் கனத்திலேயே நகரத் தொடங்கியது, முதலில் மெல்ல, பிறகு கொஞ்சம் கூடுதலாக. டயர் சாலையில் உரசுகிற சத்தம் மட்டும். பக்கத்து சீட்டில் எழுபது வயதைத் தாண்டியவர் முன்னால் குனிந்து, வேகம் கூடட்டும் என்று டேஷ்போர்டை இரண்டு கையாலும் தள்ளிக்கொண்டிருந்தார்.